புகை போன இடம்

(நமது சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



புகைவண்டி என்பது தமிழர் இட்ட அழகிய பெயர். நம் வீட்டுப் பெரியவர்கள் நாவில் அது இன்றும் வாழ்கின்றது. ஆயினும் அகலப்பாதையில் நீராவி எஞ்சின்கள் 1995ஆம் ஆண்டோடு ஓய்வு பெற்றன. இன்று அப்பாதை ஏறக்குறைய முழுவதும் மின்மயமாகிவிட்டது. வண்டி இருக்கின்றது, புகையைக் காணோம். அந்தப் புகை எங்கே போயிற்று என்பதையே இன்று நாம் ஆராயப் புகுகின்றோம். நெடுந்தொலைவு தேட வேண்டுவதில்லை. இந்தப் பிலாஸ்பூரிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் உள்ள கோர்பாவுக்குச் சென்றால், அனல் நிலையங்களின் புகைபோக்கி உச்சியில் அதனைக் காணலாம்.

நம் நாட்டில் முதல் மின்சார இரயில் 1925ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் பம்பாயில் ஓடிற்று. 1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடிற்று. 1957இல் பிரெஞ்சு நிபுணர்களின் ஆலோசனையோடு 25,000 வோல்ட் முறையை நமது இரயில்வே ஏற்றுக்கொண்டது. இன்று நம் காலனிக்குப் பின்னே தலைக்கு மேல் ஓடும் கம்பி அம்முறையைச் சார்ந்ததே.

கரியை எஞ்சினில் எரிக்காமல் மின் நிலையத்தில் எரிப்பதால் என்ன பயன் என்று சிலர் வினவக்கூடும். நியாயமான வினா. நீராவி எஞ்சின், தான் தின்ற கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட இழுவையாக மாற்றியதில்லை. எஞ்சியதெல்லாம் புகையாகவும் ஆவியாகவும் காற்றோடு போயிற்று. அனல் மின் நிலையமோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மின்சாரமாக ஆக்குகின்றது. கம்பியில் போகும் இழப்பைக் கழித்தாலும் இலாபமே. இன்றைய புதிய எஞ்சின்கள் பிரேக் போடும்பொழுது மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பித் தருகின்றன. ஆகவே விஞ்ஞானம் நம்மை ஏமாற்றவில்லை. ஆனால் கரி நம்மை விட்டுப் போய்விடவும் இல்லை. எஞ்சினிலிருந்து இறங்கி வாகனில் ஏறிக்கொண்டது, அவ்வளவே. நம் இரயில்வே சுமக்கும் சரக்கின் எடையில் ஏறக்குறைய பாதி நிலக்கரி. நாட்டின் மின் உற்பத்தியில் நான்கில் மூன்று பங்கு அளவுக்கு அக்கரியிலிருந்தே பிறக்கின்றது. மின்சார இரயில், தனக்கு வேண்டிய கரியைத் தானே சுமந்து செல்கின்றது என்று கூறின் மிகையாகாது.

சரக்குக் கணக்கோடு பழகிய நமக்கு எதனையும் டன்னில் எண்ணிப் பார்ப்பது வழக்கம். ஒரு கரி ரேக்கில் 58 அல்லது 59 வாகன்கள். ஏறத்தாழ 4,000 டன். 500 மெகாவாட் அலகு ஒன்று முழு அளவில் ஒரு நாள் ஓடினால் இரண்டு ரேக்குகளை விழுங்கிவிடும். ஒரு யூனிட் மின்சாரத்திற்கு ஏறக்குறைய 650 முதல் 700 கிராம் கரி ஆகின்றது. இனி இதனை வீட்டுக்குக் கொண்டு வருவோம். ஒரு மாணவன் 10 வாட் எல்.இ.டி. விளக்கில் நாள்தோறும் நான்கு மணி நேரம் படித்தால், ஒரு மாதத்திற்கு அவன் செலவிடும் கரி ஒரு கிலோவுக்கும் குறைவு. ஒன்றரை டன் குளிர்சாதனப் பெட்டி முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒன்றரை யூனிட். அதற்கே ஒரு கிலோ கரி சரியாகிவிடும். ஒரு பிள்ளையின் ஒரு மாதப் படிப்பும் மற்றொரு வீட்டின் ஒரு மணி நேரக் குளிர்ச்சியும் ஒரே எடை! குளிர்சாதனம் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. பிலாஸ்பூரின் மே மாதத்தில் அப்படிக் கூறுவோரை வீட்டுப் பெண்மணிகளே வெளியில் தள்ளிவிடுவர்.

இனி மற்றொரு கணக்கு. 2004இல் அரசு வகுத்த இலக்கணப்படி, பள்ளி முதலிய பொது இடங்களிலும் நூற்றுக்குப் பத்து வீடுகளிலும் மின்சாரம் இருந்தால் அந்தக் கிராமம் முழுவதும் மின்னிணைப்புப் பெற்றதாகும்! 2018 ஏப்ரல் 28ஆம் நாள் மணிப்பூரின் லேய்சாங் கிராமத்தோடு இந்தியக் கிராமங்கள் அனைத்தும் மின்னிணைப்புப் பெற்றன என்று அறிவித்தது இவ்விலக்கணப்படியே. வீடு வீடாக இணைப்புத் தர 2017இல் தனித் திட்டம் ஒன்று தொடங்க வேண்டியிருந்தது. கம்பி வீட்டுக்கு வந்த பிறகும், மாலை ஏழு மணிக்கு அதில் மின்சாரம் வருமா என்பது வேறு வினா. கரியின் மேல் குடியிருப்போர் நிலையையும் எண்ண வேண்டும். ஹஸ்தேவ் காட்டுப் பழங்குடி மக்கள் தம் நிலத்தில் சுரங்கம் வேண்டாமென்று 2021 அக்டோபரில் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் நடந்தே இராய்ப்பூர் சென்றனர். நம் விளக்கின் விலையில் அந்த நடையும் சேர்ந்திருக்கின்றது.

2022 ஏப்ரல், மே மாதங்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நாடெங்கும் கடும் வெயில். மின் தேவை ஏறிற்று. அனல் நிலையங்களில் கரி இருப்புக் குறைந்தது. கரி ரேக்குகளுக்கு வழிவிடுவதற்காகப் பயணி வண்டிகள் பல நிறுத்தப்பட்டன. நம் பகுதி வண்டிகளும் அவற்றுள் அடங்கும். விடுமுறைக்கு ஊர் போகக் காத்திருந்தோர் கரிக்கு இடம் கொடுத்தனர்.

சூரிய சக்தி இருக்கின்றதே என்று இளைஞர்கள் கேட்கின்றனர். உண்மை. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நம் நாட்டின் சூரிய மின் நிறுவுதிறன் ஒரு லட்சம் மெகாவாட்டைக் கடந்தது, பெருமைக்குரிய செய்தி. ஆனால் நிறுவுதிறன் வேறு, உற்பத்தி வேறு. வண்டியிலுள்ள இருக்கைகளின் எண்ணிக்கையும் உண்மையில் பயணம் செய்தோர் எண்ணிக்கையும் ஒன்றாவதில்லை அல்லவா? மேலும் நம் பிள்ளைகள் புத்தகத்தை விரிக்கும் வேளையில் கதிரவன் மறைந்துவிடுகின்றான். பகலில் மிஞ்சுவதை இரவுக்குச் சேமிக்கும் வித்தையே இனி வேண்டப்படும் வித்தை. கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 1980களிலேயே 400 மெகாவாட் நீரேற்று நிலையம் அமைத்தார்கள். தேவை குறைந்த நேரத்து மின்சாரத்தால் கீழ் நீர்த்தேக்கத்து நீரை மேலே ஏற்றி, தேவையான நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுப்பது அதன் முறை. அத்தகையவை நாடெங்கும் பல வேண்டும். பாட்டரி நிலையங்களும் வேண்டும்.

இவற்றை யார் அமைப்பது? சித்தரஞ்சன் தொழிற்சாலையில் 1998இல் நவீன மின்சார எஞ்சின் உருவாயிற்று. தொழில் நுணுக்கம் வெளிநாட்டிலிருந்து வந்தது. அதனைக் கற்று, இங்குள்ள பட்டறையில் இரும்பாகவும் செம்புச் சுருளாகவும் ஆக்கியவர்களுள் ஐ.டி.ஐ.யும் டிப்ளமாவும் படித்த நம்மவர் பலர். நம் காலனியிலோ, மகன் கணிப்பொறி படிக்கின்றான் என்பதை உரக்கச் சொல்வோர், ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரிஷியன் படிக்கின்றான் என்பதைத் தணிந்த குரலில் சொல்கின்றார்கள். அந்தக் கணிப்பொறியும் மின்சாரத்தில்தானே ஓடுகின்றது!

இப்பொழுது இம்மண்டபத்தின் பின்னே டீசல் ஜெனரேட்டர் ஓடும் ஓசை உங்கள் செவிக்கு எட்டும். விழா நாளில் ஒலிபெருக்கி நிற்கலாகாது, சரி. ஆனால் சனிக்கிழமை மாலைத் தமிழ் வகுப்பில் மின்சாரம் நின்றால் குழந்தைகள் பாதிப் பாடத்தோடு வீடு திரும்புகின்றார்கள். நான்கு விளக்குகளும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை விசிறிகள் இரண்டும் சேர்ந்து 100 வாட் அளவே. 150 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்று இரண்டு மணி நேர வகுப்புக்குத் தாராளமாகப் போதும். மாடியில் ஒரு சூரியத் தகடு அதனை நிரப்பும். அதனைப் பூட்டும் பணியை நம் ஐ.டி.ஐ. மாணவரிடமே ஒப்படைக்கலாம். எத்தனை யூனிட் வந்தது, எத்தனை போயிற்று என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதி வரட்டும். அடுத்த கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கும் முன் செயலாளர் அவர்கள் இதற்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றோம்.