மூடிய அறையில் கணப்பு

தில்லிக் குளிரில் குடியேறிய நாம் முதலில் கற்றுக்கொள்வது கதவு சன்னல்களை இறுக அடைப்பது. அடுத்து, அண்டை வீட்டாரைப் பார்த்து அங்கீட்டி மூட்டுகிறோம். தமிழில் இதற்குக் கணப்பு என்னும் அழகிய சொல் உண்டு. நம்மில் பெரும்பாலோர்க்கு ஊரில் அச்சொல்லுக்கு வேலை இருந்ததில்லை.

புகை அடங்கிக் கரி கனன்றதும் ஆபத்து நீங்கிற்று என்றெண்ணி அதனை அறைக்குள் கொணர்கிறோம். உண்மையில், காற்றுப் போதாமல் எரியும் கனலிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு வெளிப்படுகிறது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் அது பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிணைந்துகொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியவை அறிகுறிகள். உறங்குபவர் அவற்றையும் அறியார். அருகில் ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்தால் போதும் என்பர் சிலர். தண்ணீர் இவ்வாயுவைப் போக்காது.

கணப்பைத் தாழ்வாரத்தில் வைத்துக் காய்வதே முறை. உறங்கும் அறையில் அது கூடவே கூடாது. குளியலறைக்குள் பொருத்திய எரிவாயு கீசரும் இவ்வகையினதே. அதனை வெளிச்சுவரில் மாட்டச் செய்தல் வேண்டும். யாருக்கேனும் தலை சுற்றினால் உடனே திறந்தவெளிக்கு அழைத்துச் சென்று மருத்துவரை நாடுக. சுக்குக் காப்பி பிறகு ஆகட்டும்.