காசில்லாமல் வரும் மண்
(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்மில் பலர் முப்பது நாற்பது ஆண்டுகள் பால் வெட்டி, சேமநிதிப் பணத்தைக் கொண்டு ஒரு துண்டு நிலம் வாங்கியிருக்கிறோம். அந்நிலம் பெரும்பாலும் பள்ளமாகவே வாய்க்கிறது. மேட்டு நிலத்தை வாங்க நமக்கு வசதி ஏது? இந்நிலையில் குத்தகைக்காரரின் ஆள் ஒருவர் வந்து, "ஐயா, நல்ல மண் இருக்கிறது, காசு வேண்டாம், கொட்டிவிடட்டுமா?" என்று கேட்கிறார். நாமும் மகிழ்ந்து தலையாட்டிவிடுகிறோம்.

அவர் தானம் செய்ய வரவில்லை, தோழர்களே. தோண்டிய மண்ணை முறையான இடத்திற்குக் கொண்டுபோனால் அவருக்குச் செலவு. நம் நிலத்தில் கொட்டினால் அது மிச்சம். ஆனால் பொறுப்போ நம்மிடமே தங்கிவிடுகிறது. தீபகற்ப மலேசியாவில், 1974ஆம் ஆண்டுத் தெரு, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஏ பிரிவு, ஊராட்சி மன்றத்தின் அனுமதியின்றி மண்வேலை செய்வதை மட்டுமல்ல, செய்ய விடுவதையும் தடுக்கிறது. பள்ளத்தை நிரப்புவதும் மண்வேலையே. ஆகவே முதல் லோரி வருமுன்னரே மன்றத்திற்குப் போய்க் கேட்டுவிட வேண்டும்.

அடுத்து, வருவது மண்தானா என்று பார்க்க வேண்டும். மண், மணல், கல், சுத்தமான செங்கல் துண்டு ஆகியவை கேடில்லாதவை. இடித்த பழைய லயத்தின் அஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடு, தார், பெயிண்ட் டின், எண்ணெய் வாடை வீசும் மண் ஆகியவற்றில் ஒன்று கலந்திருந்தாலும் லோரியைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். ஜிப்சம் பலகை ஈரத்தில் புதைந்தால் அழுகிய முட்டை நாற்றமுள்ள நச்சு வாயு கிளம்பும். மரக்கட்டையும் கூடாது. புதைந்த கட்டை உளுத்து, மேலே கட்டிய தளம் அமிழும். பால்மரம் நட்டவர்களுக்கோ வெள்ளை வேர் நோய் எங்கிருந்து பரவுகிறது என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

திருப்பி அனுப்பும்போது ஓட்டுநரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவரும் நம்மைப் போல் ஒரு தொழிலாளியே. ஏற்றி அனுப்பியவரிடம் பேசுங்கள். மண் எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதை அவரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு, லோரி எண்ணையும் குறித்து வையுங்கள். இரவில் வரும் லோரிக்கு மட்டும் கேட்டைத் திறக்கவே கூடாது.

சுத்தமான மண்ணானாலும் ஆபத்து தீர்ந்ததென்று எண்ணலாகாது. 2015 டிசம்பர் 20ஆம் நாள் சீனாவின் ஷென்சென் நகரில், பழைய கல்லுடைப்புப் பள்ளமொன்றில் குவித்த கட்டுமான மண் சரிந்து 73 பேர் மாண்டனர். 4 பேரைக் காணவில்லை. சேதமுற்ற கட்டடங்கள் 33. அத்தனைக்கும் அந்தப் பள்ளத்தில் தேங்கிய நீருக்கு வடிய வழியில்லை. அதன்மேல் மண்ணை ஏற்றிக்கொண்டே போனார்கள். நம் நிலம் சிறியதுதான். ஆயினும் கீழே ஒருவர் வீடு இருக்கிறதே! அவர் வீட்டுச் சமையலறைக்குள் நம் மண் புகுந்தால் எந்த முகத்தோடு அவரைப் பார்ப்போம்?

ஆதலால் வடிகாலை முதலில் வெட்டுங்கள். மண் பிறகு வரட்டும். புல்லையும் செடியையும் செதுக்கி எடுத்துவிட்டு, ஓரடி கனத்திற்கு மேற்படாமல் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் உருளையால் அழுத்த வேண்டும். ஓரத்துச் சரிவு, ஓரடி உயரத்திற்கு இரண்டடி அகலத்திற்குக் குறையலாகாது. அதில் உடனே புல் பதியுங்கள். உயரம் ஆளளவைத் தாண்டினால் பொறியாளரைக் கேளாமல் ஏற்றாதீர்கள். மின்கம்பியின் கீழ் லோரி தொட்டியைத் தூக்க விடாதீர்கள். பிள்ளைகள் அப்பக்கமே போகக்கூடாது.

முன்பே கொட்டச் செய்து மன்றத்தின் நோட்டீசு பெற்றவர்கள் இங்கும் சிலர் இருக்கிறீர்கள். அக்கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிடாமல், இக்கூட்டம் முடிந்ததும் கிளைச் செயலாளரிடம் காட்டுங்கள். மன்றத்திற்கு நாங்களும் உடன் வருகிறோம்.