தாய்க்கு ஓய்வு தானமன்று



பிள்ளை பிறந்த வீட்டில் 31 நாள் துடக்குக் காப்பது நம்மவர் வழக்கம். அந்நாட்களிலே தாயை அடுப்படிக்கு விடமாட்டோம். சரக்குக் கறியும் பத்தியச் சோறும் அவள் இருக்கும் இடத்துக்கு வரும். கணவன் கடலோடிப் போயிருந்தாலும் தாய்வீடு அவளைத் தாங்கியது. ஆகவே, பெற்றவளுக்கு ஓய்வு வேண்டும் என்பதைப் பிறர் வந்து நமக்குப் போதிக்க வேண்டியதில்லை.

ஆனால் இன்று நம் பெண்கள் பாடசாலையிலும் வங்கியிலும் கடையிலும் உழைக்கிறார்கள். அவர்களுக்கு வீடு தரும் ஓய்வு மட்டும் போதாது. சம்பளம் நில்லாமலும் உத்தியோகம் பறிபோகாமலும் இருத்தல் வேண்டும். அதைச் சட்டமே தரவல்லது.

1919ஆம் ஆண்டு வாஷிங்டனில் கூடிய சர்வதேச தொழில் மாநாடு இதனை முதன்முதல் உலகுக்கு விதித்தது. இருபது ஆண்டு கழித்து, 1939இல், இலங்கையில் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1954ஆம் ஆண்டுக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் எழுதுவினைஞர், விற்பனையாளர் ஆகியோருக்கு வழி செய்தது. முன்னர் மூன்றாம் பிள்ளைக்கு விடுமுறை பாதியாய்க் குறைந்தது. 2018இல் அந்தப் பேதம் நீங்கியது. எத்தனையாவது பிள்ளையாயினும் 12 வாரத்துக்குக் குறையாத விடுமுறை உண்டு. அரசாங்க ஊழியருக்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாள். அதன்மேல் அரைச் சம்பளத்துடனும் சம்பளமின்றியும் எடுக்க இடமுண்டு. கர்ப்பத்தைக் காரணங்காட்டி வேலைநீக்கம் செய்தல் சட்டவிரோதம்.

இவ்வளவும் இருந்தும் குறை மூன்று காண்கிறோம்.

முதலாவது, தனியார் துறையில் முழுச் செலவும் முதலாளி தலையிலே விழுகிறது. சிறு கடைக்காரர் இளம்பெண்ணை வேலைக்கு அமர்த்தத் தயங்கினால், அத்தயக்கத்தைக் கண்டிப்பது மாத்திரம் பரிகாரமாகாது. தனி முதலாளி ஒருவரே இச்செலவைச் சுமக்கலாகாது, பொது நிதியோ காப்புறுதியோ ஏற்கவேண்டும் என்று 1952ஆம் ஆண்டுச் சர்வதேச உடன்படிக்கை சொல்கிறது. அதுவே நேர்மையான வழி.

இரண்டாவது, தந்தை. அரசாங்க ஊழியனுக்கு 3 நாள்; தனியார் ஊழியனுக்குச் சட்டம் ஒரு நாளும் வைக்கவில்லை. சுவீடன் தேசமோ 1974இலேயே தாய் தந்தை இருவரும் பகிர்ந்துகொள்ளும் விடுமுறையை ஏற்படுத்தியது. பிள்ளை இருவருக்கும் உரியதன்றோ?

மூன்றாவதே மிகப் பெரிது. கடற்கரையில் மீன் வாங்கி வீடுவீடாய் விற்பவள், வீட்டிலிருந்து தைப்பவள், பிறர் வீட்டில் வேலை செய்பவள் ஆகியோருக்கு இந்த 84 நாள் எட்டுவதில்லை. உழைக்காத நாளில் அவள் உலை ஏறாது. பச்சைக் குழந்தையுடன் வெயிலில் இறங்குகிறாள்.

வாலிபர்களே! பொது நிதி வரும்வரை நாம் வாளாவிருக்கலாமா? சட்டம் அறியாத சகோதரிக்கு அதனை எடுத்துச் சொல்லுங்கள். உரிமை மறுக்கப்பட்டால் தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு எழுதிக் கொடுங்கள். சட்டம் எட்டாத தாய்க்கு, அந்த முதல் மூன்று மாதமும் அரிசி, பால்மா முதலியன சேர நம் சங்கம் ஒரு சிறு நிதி தொடங்கட்டும். ஊர்கூடி இழுத்தால் கரையேறாத தோணி உண்டோ?