ஜெனரேட்டர் அறைக்கு ஒரு கடைசல் லேத்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பழைய ஜெனரேட்டர் அறை சும்மா கிடக்கிறதே, அதில் ஒரு மரக் கடைசல் லேத் போட்டால் ஓய்வு பெற்றவர்களுக்கும், லீவில் பிள்ளைகளுக்கும் உதவுமே என்று சென்ற கூட்டத்தில் பேச்சு வந்தது. செயற்குழு 40,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. நான் ஒர்க்‌ஷாப்பில் லேத்தில் நின்றவன் என்பதால் விசாரிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தீர்கள். நான் நின்றது இரும்பு லேத். மரம் வேறு சாதி. அதை நான் கற்றுக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஓய்வு பெற்ற புதிதில், டிரில் மெஷினை மாட்டி ஓட்டும் சின்ன லேத் ஒன்றை ஆன்லைனில் வாங்கி பால்கனியில் வைத்தேன். தகரத்தை மடித்துச் செய்த பெட். கீழ் வீட்டுக்காரர் ரொம்ப மரியாதையாக, "சார், உங்க மிக்ஸிய ஒரு தடவ சர்வீஸுக்குக் குடுங்களேன்" என்றார். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். மறுநாள் ஒரு சீமைக்கருவேலத் துண்டை ஏற்றினேன். அதிர்வில் டெயில்ஸ்டாக் நழுவி, கட்டை பறந்துபோய் பால்கனி கிரில்லில் அடித்தது. ஐந்து நிமிடம் முன்புதான் பேத்தி அங்கே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று சாயந்திரமே அதைப் பழைய இரும்புக்காரரிடம் எடை போட்டுவிட்டேன்.

அதனால், விலை குறைவு என்று அந்த வகையை யாரும் சிபாரிசு செய்ய வேண்டாம். முதலில் பார்க்க வேண்டியது எடை. பெட், ஹெட்ஸ்டாக், டெயில்ஸ்டாக் மூன்றும் வார்ப்பிரும்பாக இருக்க வேண்டும். ஒரு ஆள் ஒரு கையால் தூக்க முடிகிற லேத் நமக்கு வேண்டாம். கனம்தான் அதிர்வை விழுங்கும். தரைத்தளத்தில் சிமெண்ட் மேடை போட்டு, அடியில் ரப்பர் ஷீட் வைத்துவிட்டால் முதல் மாடிக்குச் சத்தம் வெகுவாகக் குறையும்.

அளவு: 10 அங்குல ஸ்விங், இரண்டு முனைகளுக்கு நடுவே 18 அங்குலம். பூரிக்கட்டை, மத்து, பம்பரம், சொப்பு, சின்னக் கிண்ணம் எல்லாம் இதில் வரும். கிரிக்கெட் ஸ்டம்ப் வராது, அது 28 அங்குலம். பையன்கள் மன்னிக்கவும், அதைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேகத்தில்தான் ஏமாந்துபோகிறோம். அதிக வேகம் என்றால் நல்ல மெஷின் என்று நினைக்கிறோம். பத்து அங்குலக் கட்டையை 3,000 சுற்றில் ஓட்டினால் அதன் விளிம்பு மணிக்கு 140 கிலோமீட்டருக்கு மேல் போகும். நான்குவழிச் சாலையில்கூட நாம் அந்த வேகத்தில் போவதில்லை. கடைசல்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு எளிது: விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, சுற்றால் பெருக்கினால் 6,000 முதல் 9,000-க்குள் வர வேண்டும். ஆறு அங்குலக் கட்டைக்கு 1,000 முதல் 1,500 சுற்று. ஆகவே கடையில் கேட்க வேண்டியது, "மிகக் குறைந்த வேகம் எவ்வளவு?" என்பதைத்தான். 600 அல்லது அதற்கும் கீழே இருந்தால் நல்லது.

திருகினால் வேகம் மாறும் எலக்ட்ரானிக் மாடல் வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் நம் ஊர் உப்புக்காற்றில் சர்க்யூட் போர்டு எத்தனை நாள் தாங்கும் என்பது நம் வீட்டு ஏசியைப் பார்த்தாலே தெரியும். எனக்குப் பிடித்தது படிப்படியான புல்லியும் பெல்ட்டும்தான். பெல்ட் அறுந்தால் இங்கேயே வாங்கி மாட்டலாம். மோட்டார் முழுக்க மூடிய வகையாக, முக்கால் குதிரைத் திறன் இருந்தால் போதும். சிங்கிள் பேஸ், 15 ஆம்பியர் பிளக், ஒழுங்கான எர்த். வேலை முடிந்ததும் பெட்டைத் துடைத்து எண்ணெய் தடவ ஆள் இல்லையென்றால், தயவுசெய்து வாங்கவே வேண்டாம். இரண்டு மழைக்காலத்தில் துரு தின்றுவிடும்.

40,000-ஐயும் லேத்திலேயே கொட்டிவிடக் கூடாது. 25,000 மெஷினுக்கு. மிச்சம் ஹைஸ்பீடு ஸ்டீல் உளி மூன்று, சாணை பிடிக்க ஒரு பெஞ்ச் கிரைண்டர், நான்கு தாடை சக், முகத்தை முழுதாக மறைக்கும் ஷீல்டு. மழுங்கிய உளி மரத்தைப் பிய்க்கும், கையையும் இழுக்கும். சக் வாங்கும்போது ஸ்பிண்டில் மரை அளவைக் குறித்துக்கொண்டு போங்கள். மரை பொருந்தாத சக்கை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

பழையது கிடைத்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஸ்பிண்டிலைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆடினால் பேரிங் போயிற்று. டெயில்ஸ்டாக்கை நகர்த்தி இரண்டு கூர்முனைகளையும் நேருக்கு நேர் கொண்டு வாருங்கள். முனைகள் சந்திக்காவிட்டால் பேரமே பேச வேண்டாம்.

மரத்துக்குப் பஞ்சமில்லை. பூவரசு, வேம்பு, சீமைக்கருவேலம் எல்லாம் சுற்றிலும் வெட்டிப் போடுகிறார்கள். துறைமுகப் பக்கமிருந்து வரும் பேலட் பலகையும் மலிவு. ஆனால் அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். ஹெச்டி என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்பி என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, அதை அறைக்குள்ளேயே விடக் கூடாது. ஆணி இருக்கிறதா என்றும் தடவிப் பார்த்துவிடுங்கள்.

விதிகளில் மூன்றை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கையுறை, துப்பட்டா, தொங்கும் செயின் எதுவும் லேத் பக்கம் வரக் கூடாது. பெரியவர் துணையில்லாமல் பிள்ளைகள் சுவிட்சைத் தொடக் கூடாது. மதியம் இரண்டு முதல் நான்கு வரை ஓட்டக் கூடாது. அந்த நேரம் இரவு ஷிப்ட்காரர்கள் தூங்குவார்கள்.

வாங்குவதற்கு முன் அம்பாசமுத்திரம் கடைசல் பட்டறைகளை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். நாம் குடிக்கும் தாமிரபரணித் தண்ணீரின் மேல்பக்கத்து ஊர்தான். சுற்றுகிற மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால், உரசும் சூட்டிலேயே அரக்கு இளகி நிறம் ஏறும். அந்தச் சொப்புகளை வைத்துத்தான் நம்மில் பாதிப்பேர் சமைத்து விளையாடினோம். அவர்கள் ஓட்டும் லேத்தில் அலங்காரம் எதுவும் இருக்காது. உளி பிடிக்கும் கையைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு காலை ஆறு மணிக்கு வேன். இதுவரை ஒன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அதில் கீழ் வீட்டுக்காரரும் ஒருவர். இன்னும் மூன்று இடம் இருக்கிறது. வருகிறவர்கள் அலுவலக நோட்டில் எழுதிவிடுங்கள்.