முதலில் பறை, பிறகே செய்தி

(தமிழ்வழிக் கல்வி குறித்துத் திண்டுக்கல்லில் ஆற்றிய உரை)



யாப்பும் அணியும் கற்பிக்கும் தமிழாசிரியன் கம்பியில்லாத் தொடர்பைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் வியக்கலாம். முன்னர் என்னிடம் பயின்று, இன்று பொறியியற் பட்டயம் படிக்கும் இளைஞன் ஒருவன், தேர்வில் தவறிய பாடத்தின் ஆங்கில நூலோடு என் வீட்டிற்கு வந்தான். நான்கு பக்கங்களை எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தான். பொருள் கேட்டேன், தலைகுனிந்தான். "நூலை மூடிவை, உன் தாய்க்குச் சொல்வதுபோல் எனக்குச் சொல்" என்றேன். மூன்று மாலைப் பொழுதுகள் இருவரும் அமர்ந்து தெளிந்ததையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

நம் ஊர்களில் பறையறைந்து செய்தி சொன்ன முறையை எண்ணிப் பாருங்கள். முதல் அடியில் செய்தி இல்லை; 'அழைக்கிறார்கள், கேள்' என்னும் குறிப்பே உண்டு. அடுத்து, யார், எங்கே, எப்பொழுது வரவேண்டும் என்னும் அறிவிப்பு. அதன்பின் மக்கள் மன்றில் கூடியபோதுதான் முழுச்செய்தி. கைப்பேசிக்கும் அலைக்கோபுரத்திற்கும் இடையே நடப்பது இதுவே. முதற்படி ஒத்தியைவு, இரண்டாம் படி ஆள்கைத் தடம், மூன்றாம் படியே நம் பேச்சு.

ஒத்தியைவு ஏன் வேண்டும்? கோபுரம் நேரத்தை நொடியின் ஆயிரத்தில் ஒரு கூற்றினும் சிறிதாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் செய்தியை அடுக்குகிறது. துண்டு எங்கே தொடங்குகிறதென அறியாத கைப்பேசி, சீர்பிரிக்கத் தெரியாதவன் வெண்பாப் படித்தாற்போல் இடர்ப்படும்; எழுத்தெல்லாம் காதில் விழும், பொருள் விளங்காது. எனவே கோபுரம் முன்னரே வரையறுத்த அழைகுறிகளை ஓயாது ஒலித்துக்கொண்டே யிருக்கிறது. ஐந்தாம் தலைமுறையில் முதற்குறி 3 வகை. இரண்டாங்குறி 336 வகை. இரண்டும் பெருகி 1008 அடையாளங்கள் ஆகின்றன. அவற்றால் கைப்பேசி நேரத்தைப் பற்றிக்கொள்வதோடு, அழைப்பது எந்தக் கோபுரம் என்பதையும் அறிகிறது. பின்னர், ஆள்கைத் தடத்தை எங்கே தேடவேண்டும் என்று கேட்டறிகிறது. எந்த நேரத்துண்டு, எந்த அலைவெண் யாருக்கு உரியதென்று பங்கிட்டுச் சொல்வது அத் தடமே.

இனி, உயர் அலைவெண்ணின் இடர்ப்பாட்டைக் காண்போம். 2022-இல் இந்திய அரசு ஏலம் விட்டவற்றுள் நொடிக்கு 2600 கோடி முறை அதிரும் அலைவரிசையும் ஒன்று. அதன் அலைநீளம் 11 மில்லிமீட்டரைச் சிறிதே கடக்கும். இத்தகைய சிற்றலைகள் நம் நாட்டிற்குப் புதியன அல்ல. 1890-களிலேயே கல்கத்தாவில் சகதீச சந்திரபோசு அவற்றினும் குறுகிய அலைகளை ஆக்கி ஆய்ந்தார். ஆயினும் சுவரும் இலையும், பிடித்த கையுங்கூட அவற்றை மறைத்துவிடும். தாழ்ந்த அலைவெண், நம் மலைக்கோட்டை மீதிருந்து முழக்கும் பெருமுரசு போன்றது; சுற்றுச் சமவெளி யெங்கும் பரவும். உயர்ந்த அலைவெண்ணோ மெல்லிய கற்றையாக ஒருபுறமே பாய்வது. ஆதலின் பறையறைவோன் தெருத்தெருவாகச் செல்ல வேண்டியுள்ளது. கோபுரம் 64 திசைகள் வரை ஒன்றன்பின் ஒன்றாகக் கற்றையைத் திருப்பி, நொடியின் ஆயிரத்தில் 5 கூற்றுக்குள் அழைகுறி ஒலிக்கிறது. கைப்பேசி தனக்கு நன்றாகக் கேட்ட திசையைக் குறித்துக்கொண்டு, அத்திசைக்குரிய முறை வரும்போது மறுமொழி தருகிறது.

அடிக்கடி அழைத்தால் செய்திக்குரிய நேரம் வீணாகும்; அருகியே அழைத்தால் புதிதாக வருபவன் காத்துக் கிடப்பான். வலையம் அமைப்போரின் திறமை இவ்விரண்டையும் நிறுத்துப் பார்ப்பதில் அடங்கியுள்ளது.

இதனைச் சொல்லி முடித்தபோது அம் மாணவனின் முகத்தில் கண்ட தெளிவை நான் மறவேன். அவனுக்கு அறிவு குறைவாக இருந்ததில்லை. அறிவு நுழையும் வாயில் அயன்மொழியால் அடைபட்டிருந்தது. 2022-இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் தலைமையில் 8 நிறுவனங்கள் ஐந்தாம் தலைமுறைக்கான ஆய்வுக்களத்தை அமைத்தன. ஆற்றல் நம் மண்ணிலேயே உள்ளது. ஆனால் 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியபோது இடம்பெற்றவை கட்டட வியலும் எந்திரவியலுமாகிய இரண்டே துறைகள். அலையியல் கற்க விழைந்த தமிழ்ப்பிள்ளைக்கு அன்று கதவு திறக்கவில்லை.

தோழர்களே! பிறரைக் குறைகூறி அமைவது எளிது. நம் குறையையும் சொல்லியாக வேண்டும். நான் 'ஒத்தியைவு' என்றேன். 'ஒத்திசைவு' என்பார் மற்றொருவர். 'ஒருங்கியைவு' என்பார் வேறொருவர். மூன்றும் நல்ல தமிழே. ஆனால் மூன்று நூல்களில் மூன்று சொற்களைக் காணும் மாணவன் என் செய்வான்? மூன்று கோபுரங்கள் தத்தம் விருப்பம்போல் பறையறைந்தால் எந்தக் கைப்பேசியும் இயங்காது. ஒத்தியைவுக்குச் சொல் படைக்க வந்த நமக்குள் ஒத்தியைவு இல்லையே!

மொழிஞாயிறு பாவாணரை இயக்குநராகக் கொண்டு 1974-இல் அரசு சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தைத் தொடங்கியது. அத்தகைய பொது அரங்கிற்கு நம் சொற்களைக் கொண்டுசெல்வோம். அங்கே அறிவியல் அறிந்தாரும் தமிழ் அறிந்தாரும் ஒருங்கமர்ந்து ஆய்ந்து ஒன்றைத் தேரட்டும். தேர்ந்தது 'ஒத்திசைவு' என்றால், என் 'ஒத்தியைவை' அன்றே கைவிட்டு அதனையே வகுப்பில் வழங்குவேன். நான் ஆக்கிய சொல்லினும் நம் பிள்ளைகளுக்கு விளங்கும் பொதுச்சொல்லே பெரிது. நீங்களும் அவ்வாறே உறுதி கொள்க.

பறை ஒன்றாக ஒலிக்கட்டும். செய்தி தமிழில் வந்து சேரும்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழ்!