கண்ணீரைப் போட்டார்கள், கணக்கைப் போடவில்லை

(தோட்ட மாதர் கூட்டத்தில் கொழுந்து பறிக்கும் தொழிலாளி ஒருவர் ஆற்றிய உரை)



பத்திரிகைக்காரர்கள் நம்மைப் பற்றி எழுதுவது குறித்துப் பேசும்படி தலைவர் கேட்டார். எனக்கு நடந்ததையே சொல்கிறேன்.

போன வருடம் ஒரு பத்திரிகையிலிருந்து இரண்டு பேர் எங்கள் லயத்துக்கு வந்தார்கள். ஒரு மணித்தியாலம் பேசினோம். நான் சொன்னதெல்லாம் தராசைப் பற்றித்தான். ஈரத்துக்கு, சாக்குக்கு என்று ஒவ்வொரு நிறுவைக்கும் 2 கிலோ கழிக்கிறார்கள். ஒரு நாளைக்கு மூன்று நிறுவை என்றால் 6 கிலோ போகிறது. வெயில் நாளிலும் அதே கழிவு. மிச்சத்தில் சொன்ன கிலோ வராவிட்டால் அரைப் பேர். இதையெல்லாம் திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். அதையும் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வந்தது. பசியால் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பாத தாய் என்று தலைப்பு. அடுப்படியில் நான் குனிந்து நிற்கும் படம். கணவர் குடிகாரர், மூத்த மகள் கொழும்பில் வீட்டு வேலை என்று எழுதியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் குடிப்பதில்லை. மகள் அப்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கொழும்பில் இருப்பது என் தங்கச்சி. அவள் கடையில் வேலை செய்கிறாள். தராசைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை.

மகள் கேலிக்குப் பயந்து இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. மலையில் சிலர், "காசு வாங்கிக்கொண்டா பேசினாய்?" என்று கேட்டார்கள். பத்திரிகையைப் பார்த்து யாரோ ஒருவர் அரிசி மூடை அனுப்பினார். நல்ல மனதோடுதான் அனுப்பியிருப்பார். அரிசி முடிந்த பிறகும் கழிவு 2 கிலோதான்.

இது என் குடும்பத்துக்கு மட்டும் வந்த அவமானம் இல்லை, சகோதரிகளே. இப்படி எழுதினால், படிப்பவர்கள் நம் கஷ்டத்துக்குக் காரணத்தை நம் வீட்டுக்குள் தேடுவார்கள். குடி என்பார்கள், படிப்பில்லை என்பார்கள். கழித்த கிலோவுக்குக் காசு எங்கே என்று கேட்க மாட்டார்கள்.

அதற்காகப் பத்திரிகைக்காரரைக் கண்டால் கதவைச் சாத்தச் சொல்லவில்லை. நமது தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரும் பத்திரிகைக்காரர்தான். வெளியார் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலத்தில், புடவை வியாபாரி போல உள்ளே வந்து நம் நிலைமையை நேரில் பார்த்தார். 1924இல் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கி எழுதினார். 2021இல் 1000 ரூபாய் நாட்சம்பளம் வர்த்தமானியில் வருவதற்கு முன்பு, அந்தக் கோரிக்கையை நாடெங்கும் கொண்டு போனதில் பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு.

ஆகவே பேசுவோம். பேசும்போது இவற்றைக் கவனிப்போம். வந்தவரின் பெயர், பத்திரிகை, தொலைபேசி இலக்கம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். தோட்டத் தலைவரையோ மாதர் தலைவியையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் பெயரும் படமும் வேண்டாம் என்றால் முதலிலேயே சொல்லுங்கள். முக்கியமான விஷயத்தை முதலில் சொல்லி, எழுதியதை வாசித்துக் காட்டும்படி கேளுங்கள்.

பிழையாக வந்துவிட்டால் பத்திரிகையைத் தூக்கிப் போடாதீர்கள். எந்த வரி பிழை, எது சரி என்று ஆசிரியருக்கு எழுதுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் இலங்கை பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு இருக்கிறது. பத்திரிகைத் துறையினரே 2003இல் அமைத்தது. தமிழிலேயே முறைப்பாடு எழுதலாம், கட்டணம் இல்லை.

நான் சங்கத்தின் மூலம் ஆசிரியருக்குக் கடிதம் போட்டேன். மூன்று கிழமைக்குப் பிறகு உட்பக்கத்தில் நான்கு வரித் திருத்தம் வந்தது. முதல் பக்கத்தில் வந்த பொய்க்கு அது போதாது. இருந்தும் மகள் அதை வெட்டி வகுப்பு ஆசிரியையிடம் காட்டினாள்.

தராசு விஷயம் இன்னும் முடியவில்லை. அடுத்த மாதம் சங்கம் நிர்வாகத்தோடு பேசப் போகிறது. ஒருத்தியின் கொப்பி போதாது. நாளைக்கே ஆளுக்கொரு கொப்பி வாங்கி, ஒவ்வொரு நிறுவையையும் கழிவையும் எழுதத் தொடங்குங்கள்.