இரண்டு விமான நிலையங்களுக்கிடையே



யாழ்ப்பாணத்திலிருந்து சென்னை எவ்வளவு தூரம் என்று என் மாணவன் ஒருவன் வினவினான். நான் கலைப் பட்டதாரி, கணிதத்தில் வல்லவனல்லன். ஆயினும் இந்தக் கணக்கிற்குத் தேசப்படமும் கழித்தலறிவும் போதும்.

சென்னை மீனம்பாக்கம் வடக்கே 12 பாகை 59 கலையில் இருக்கின்றது. பலாலி 9 பாகை 47 கலையில். இரண்டும் ஏறக்குறைய ஒரே நெடுங்கோட்டில் அமைந்தமையால், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தாற் போதும். மிச்சம் 3 பாகை 12 கலை. அதாவது 192 கலைகள். அகலக்கோட்டின் ஒரு கலை ஒரு கடல் மைல். எனவே 192 கடல் மைல், சுமார் 355 கிலோமீற்றர். கட்டுநாயக்கா 7 பாகை 11 கலையில் உள்ளது. அங்கிருந்து சென்னைக்கு 348 கடல் மைல், சுமார் 645 கிலோமீற்றர்.

அப்படியாயின் பலாலிப் பயணம் பாதி நேரத்தில் முடியவேண்டுமன்றோ? முடிவதில்லை. 2019 நவம்பரில் தொடங்கி, தொற்றுநோயால் நின்று, 2022 டிசம்பரில் மீண்ட பலாலிச் சேவைக்கு வந்தவை மணிக்கு 500 கிலோமீற்றர் அளவிற் பறக்கும் சுழல்விசிறி விமானங்கள். கொழும்பு வழியில் பறப்பவை பெரும்பாலும் அவற்றினும் விரைவான ஜெட் விமானங்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், ஏறுவதும் இறங்குவதும் குறுகிய வழிக்கும் நெடிய வழிக்கும் பொதுவானவை. ஆகவே இரண்டு அட்டவணைகளும் ஒன்றேகால் மணிநேரத்தை ஒட்டியே நிற்கின்றன.

அட்டவணை மயக்கவும் கூடும். 1996 முதல் 2006 வரை இலங்கைக் கடிகாரம் பெரும்பாலும் இந்தியக் கடிகாரத்திற்கு அரைமணி முந்தி ஓடிற்று. அக்காலத்தில் சென்னை முக்கால் மணிப் பயணமென்று நம்பியவர்கள், திரும்பி வருகையில் திகைத்திருப்பார்கள்!

1947 டிசம்பர் 10ஆம் நாள் எயர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகவே சென்னை சென்றது. எங்கள் குடும்பத்தார் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. 1974இல் என் அத்தை மாத்தளைத் தோட்டத்தை விட்டு இந்தியா சென்றபோது, தலைமன்னார் வரை இரயில், அப்பால் கப்பல். சிறுவனாகிய நான் நிலையத்தில் நின்று கையசைத்தேன்.

பின்னாளில் அவர் சென்னையில் நோயுற்றிருந்தார். விசாவும் பெற்றுவிட்டேன். ஒன்றேகால் மணிப் பயணந்தானே, பரீட்சை முடியட்டும் என்றிருந்தேன். ஒருநாள் காலை ஆறு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. அத்தை காலமாகிவிட்டார், மாலை நான்கு மணிக்கு அடக்கம். போய்ச் சேர்ந்துவிடலாம் என்றே எண்ணினேன்.

அந்தோனியார் திருத்தலத்தால் பெயர்பெற்ற எங்கள் வஹகோட்டையிலிருந்து கலேவலை, குருநாகல் வழியாகக் கட்டுநாயக்காவை அடையும்போது நண்பகலாகிவிட்டது. மூன்று மணிநேரம் முன்னதாகவே வந்திருக்க வேண்டுமென்றார்கள். இடம் கிடைத்தது மாலை விமானத்தில். விமானம் சொன்ன நேரத்திற்குப் புறப்பட்டு, சொன்ன நேரத்திற்கு இறங்கியது, அதன்மேற் குறையில்லை. அத்தை வீட்டு வாயிலில் நான் நின்றபோது இரவு பத்து மணி. முற்றத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

இதை வகுப்பிற் சொன்னபோது அதே மாணவன் கேட்டான்: “ஐயா, வஹகோட்டையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு எத்தனை கலை?” கரும்பலகையில் அதையும் கணக்காக எழுதினேன். குருநாகற் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளும்படி சொன்னேன்.